மேலே விலை மாற்றி அச்சடித்த ஸ்டாம்ப் கையில் கிடைத்தால்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம், பாம்பன் பக்கம் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால் ஒரு கடிதக் கட்டு பெரும்பாலும் கிடைக்கும். கொழும்பு, பினாங்கு, ரங்கூன், கொஞ்சம் பிந்தியது என்றால் துபாய், மஸ்கட். அந்த உறைகளில் சில ஸ்டாம்புகளில் ராஜா ராணி தலைக்கு மேல் கறுப்பு மையில் வேறொரு விலை அச்சடித்திருக்கும், பழைய விலையை ஒரு கோடு போட்டு அடித்திருக்கும். பார்த்ததும் இரண்டு விதமாகத் தோன்றும்: யாரோ கிறுக்கிவிட்டார்கள், அல்லது இது லட்சக்கணக்கில் போகும். இரண்டுமே பொதுவாகத் தப்பு. ஊரில் இதைப் பற்றிக் கேட்க ஆள் கிடைக்காமல், மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்து, ஆளுக்கொரு பதில் கேட்டுத் தலை சுற்றிய பிறகு தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக மட்டும்தான். பத்து வருஷம் சேர்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

1. எதையும் உரிக்க வேண்டாம், நனைக்க வேண்டாம்

முதல் வேலை, சும்மா இருப்பது. கடிதத்திலிருந்து ஸ்டாம்பை வெட்டி எடுக்கும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு, பள்ளிக்கூட ஆல்பத்துக்காக அண்ணன்மார் பாதி உறைகளை ஏற்கெனவே நாசம் செய்திருப்பார்கள். மிச்சம் இருப்பதையாவது விட்டுவையுங்கள். விலை மாற்றி அச்சடித்த ஸ்டாம்புக்கு அந்த உறைதான் சாட்சி: எந்த ஊரில் போட்டது, எந்தத் தேதியில், எவ்வளவு ஒட்டியிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிரித்தெடுத்த ஸ்டாம்பு வெறும் துண்டுக் காகிதம், அது அசல் என்று நிரூபிக்க நீங்கள் படாத பாடு படவேண்டும்.

இன்னொன்று, மேலே அடித்த மை எல்லாம் ஒரே தரம் இல்லை. அவசரத்துக்கு உள்ளூரில் ரப்பர் முத்திரையால் குத்தியவை தண்ணீரில் கலங்கிவிடலாம். தனுஷ்கோடி முத்திரை உள்ள உறை இருந்தால் ஸ்டாம்பு எதுவாக இருந்தாலும் அப்படியே வையுங்கள், 1964 டிசம்பர் புயலோடு அந்த ஊர் போய்விட்டது, அந்த முத்திரைக்கே தனியாகத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

போன் கேமராவில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நல்ல பகல் வெளிச்சத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்டாலும் முதலில் படம்தான் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் கட்டைப் பிரித்தால் ஓரம் கிழியும்.

2. எந்த சர்சார்ஜ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

டீலரும் ஏலக் கம்பெனியும் கேட்லாக்கும் (ஸ்டாம்புகளைப் படமும் விலையும் போட்டு வரிசைப்படுத்திய புத்தகம்) 'சர்சார்ஜ்' என்று சொல்வது ஒரே பொருளில் இல்லை. இங்கேதான் புதியவர்கள் குழம்புவது.

ஸ்டாம்புக்காரர்கள் அதிகம் சொல்வது, அச்சான ஸ்டாம்பின் மேல் மறுபடி அச்சடித்து அதன் விலையை மாற்றுவதை. மேலே எதை அச்சடித்தாலும் அது ஓவர்பிரிண்ட். அதில் விலையும் மாறினால்தான் சர்சார்ஜ். 1937 இல் இந்திய ஸ்டாம்பில் 'பர்மா' என்று மட்டும் அடித்தார்கள், அது ஓவர்பிரிண்ட். 1946 இல் ஒன்றேகால் அணா ஸ்டாம்பில் '3 பைஸ்' (பன்னிரண்டு பைஸ் ஒரு அணா) என்று அடித்தார்கள், அது சர்சார்ஜ். விலைப்பட்டியலில் இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் உண்டு, நீங்கள் ஸ்டாம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது தர்மக் காசு. ஸ்டாம்பிலேயே '20+10' என்று இருக்கும். முன்னால் உள்ளது தபால் கட்டணம், பின்னால் உள்ளது ஏதாவது நற்காரியத்துக்குப் போகும் கூடுதல் தொகை, அதற்கும் பெயர் சர்சார்ஜ். சுவிட்சர்லாந்து 1913 முதல் குழந்தைகள் நலனுக்காக இப்படி வெளியிடுகிறது, நியூசிலாந்து 1929 முதல். அமெரிக்காவின் ஸ்காட் கேட்லாக்கில் இந்த வகைக்கு எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'B' எழுத்து இருக்கும், தேடும்போது அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

மூன்றாவது, ஸ்டாம்பு குறைவாக ஒட்டிய கடிதத்துக்குப் பெறுகிறவரிடம் வசூலிக்கும் அபராதம். பழைய உறையில் ஆங்கில 'T' எழுத்து முத்திரையும் பக்கத்தில் கையால் எழுதிய ஒரு தொகையும் இருந்தால் அது இதுதான். பெரும்பாலும் குறைந்ததற்கு இரட்டிப்பாக வாங்குவார்கள். இந்த உறைகளை 'அழுக்கு உறை' என்று ஒதுக்குகிறார்கள், ஒதுக்காதீர்கள், தபால் வரலாறு சேர்ப்பவர்களுக்கு அந்த அழுக்குதான் வேண்டும்.

நாலாவது நாணயத்தில் வருகிறது, அதை ஏழாவது படியில் சொல்கிறேன். இதெல்லாம் போக, கார்டில் பணம் கட்டினால் இரண்டு சதவீதம் சர்சார்ஜ் என்று கடைக்காரர் சொல்வது வேறு, அதற்கும் சேகரிப்புக்கும் சம்பந்தம் இல்லை.

3. நம் பக்கத்துக் கட்டுகளில் என்ன வரும்

இலங்கைக் கடிதங்கள்தான் அதிகம். 1914 இல் பாம்பன் பாலம் வந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியபோது கடிதமும் அந்த வழியாகத்தான் வந்தது. இலங்கை 1872 முதல் ரூபாய், சென்ட் கணக்குக்குப் போய்விட்டது, அதனால் விலை சென்ட்டில் இருக்கும். முதல் உலகப்போர் சமயத்தில் 1918 இல் 'வார் ஸ்டாம்ப்' என்று அடித்தவை, 1926 இல் 3 சென்ட் ஸ்டாம்பை 2 ஆகவும் 6 சென்ட் ஸ்டாம்பை 5 ஆகவும் மாற்றியவை, இவையெல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும், பெரிய விலை கிடையாது, ஆனால் ஆரம்பிக்க அருமையான இடம். 1885 இல் விக்டோரியா ராணி ஸ்டாம்புகள் மேல் விதவிதமாக அடித்தவைதான் சிக்கல். அந்த வரிசையில் அரிதானவை உண்டு, அதனாலேயே போலியும் உண்டு. அந்த வருஷத்தது என்று தோன்றினால் யாருக்கும் விற்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம், முதலில் ஆறாவது படி வரை படியுங்கள்.

சிங்கப்பூர், பினாங்கு என்றால் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அந்த ஊர்களை 1867 ஏப்ரலில் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரித்தபோது தனி ஸ்டாம்பு தயாராக இல்லை. இந்திய ஸ்டாம்புகளையே எடுத்து மேலே ஒரு கிரீடமும் சென்ட் விலையும் அடித்து அந்த செப்டம்பரில் வெளியிட்டார்கள், மொத்தம் ஒன்பது விலை, ஒன்றரை சென்ட் முதல் 32 சென்ட் வரை. அதாவது இந்தியாவின் இரண்டு அணா ஸ்டாம்பு அங்கே 6, 8, 32 சென்ட் என்று மூன்று வேஷம் போட்டது. இவை உங்கள் பரணில் கிடைப்பது அபூர்வம். கிடைத்ததாக யாராவது கொண்டுவந்தால் சந்தேகத்தோடு பாருங்கள், அடியில் இருக்கும் இந்திய ஸ்டாம்பு சல்லிசாகக் கிடைப்பது, கிரீடத்தைக் குத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மலாயாவிலிருந்து வந்த கடிதங்களில் அடிக்கடி பார்ப்பது 1945க்குப் பிறகு 'பிஎம்ஏ மலாயா' (பிஎம்ஏ என்றால் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம்) என்று அடித்தவை. இதில் விலை மாறவில்லை, ஆகவே சர்சார்ஜ் இல்லை.

துபாய், மஸ்கட், பஹ்ரைன், குவைத். இதைத்தான் நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. பிரிட்டிஷ் ராஜா தலை போட்ட இங்கிலாந்து ஸ்டாம்பில் 'அணா', 'ரூபாய்' என்று அடித்திருக்கும். வளைகுடாவில் அப்போது நம் ரூபாய்தான் ஓடியது, 1948 ஏப்ரலில் அங்கே தபாலை பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டபோது பென்னியில் இருந்த ஸ்டாம்பை அணாவுக்கு மாற்றினார்கள். பஹ்ரைனுக்கும் குவைத்துக்கும் ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும், மஸ்கட், துபாய்க்கு வெறும் விலை மட்டும். இந்தியா 1957 ஏப்ரலில் நயா பைசாவுக்கு மாறியதும் அங்கேயும் 'என்பி' என்று அடித்தவை வந்துவிட்டன. தாத்தா முதல் தலைமுறையாகக் கடல் தாண்டிப் போயிருந்தால் அந்தக் கட்டை ஒரு தடவை பாருங்கள். துபாய் முத்திரையோடு அசல் உறை இருந்தால் ஸ்டாம்பு விலையை மறந்துவிடுங்கள், உறையாகத்தான் மதிப்பு.

நம் நாட்டுக்குள் பார்த்தால், 1921 இல் ஒரு அணாவில் 'நைன் பைஸ்' என்று அடித்தது சாதாரணம். அதிலேயே ஒரு ஷீட்டில் கை தவறி 'நைன் நைன்' என்றும் 'பைஸ் பைஸ்' என்றும் விழுந்தவை உண்டு, அவைதான் தேடப்படுபவை. 1922 இல் அரை அணாவைக் கால் அணா ஆக்கியதில் தலைகீழாக விழுந்தது உண்டு. 1949 இல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்தபோது சக்கரம், காசு விலையிலிருந்த ஸ்டாம்புகளை அணா, பைஸுக்கு மாற்றினார்கள், எழுத்து விடுபட்டது, தலைகீழானது என்று அதில் தவறுகள் ஏராளம், விலையும் கைக்கு எட்டும். புதியவர் ஒருவர் என்னிடம் எங்கே ஆரம்பிக்கட்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஐம்பது ஸ்டாம்பு கொண்ட கலவை ஒன்றை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தாலே கண் பழகிவிடும்.

4. 1971 ஐந்து பைசாவைத் தனியாகப் பாருங்கள்

இது எல்லார் வீட்டிலும் இருக்கும் என்பதால் தனிப் படி. வங்கதேச அகதிகளுக்காக மத்திய அரசு 1971 நவம்பர் 15 முதல் கடிதங்களுக்கு ஐந்து பைசா கூடுதலாக வாங்கியது. தனி ஸ்டாம்பு வருவதற்குள் கையிலிருந்த குடும்பக் கட்டுப்பாடு ஐந்து பைசா ஸ்டாம்பில் 'ரெஃப்யூஜி ரிலீஃப்' என்று அடித்து ஓட்டினார்கள். அது போதாத இடங்களில் அந்தந்த ஊரிலேயே அடித்துக்கொண்டார்கள், பெங்களூர், ஜெய்ப்பூர், கோவா என்று கேட்லாக்கில் தனித்தனியாக வரும். டிசம்பரில் அகதிகள் படம் போட்ட தனி ஸ்டாம்பு வந்தது. 1973 மார்ச்சோடு வரி போய்விட்டது.

கவனிக்க: இதில் ஸ்டாம்பின் விலை மாறவில்லை, ஆகவே அச்சு என்ற வகையில் ஓவர்பிரிண்ட். ஆனால் வாங்கிய ஐந்து பைசா கூடுதல் கட்டணம் என்ற வகையில் சர்சார்ஜ். இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார்கள், இரண்டுமே சரிதான், சண்டை போட வேண்டாம். நாசிக் அச்சகத்தில் அடித்ததும் தனி ஸ்டாம்பும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன, அவற்றுக்கு நூறு ரூபாய் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளூர் அச்சுகள் அரிது என்பதால் அவற்றை ரப்பர் முத்திரை செய்து அடித்து விற்பது சுலபம், உறையும் முத்திரையும் இல்லாத உள்ளூர் அச்சை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

5. அசலா, பின்னால் குத்தியதா

காசு போவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் தேதி. முத்திரையில் உள்ள தேதி அந்த சர்சார்ஜ் வெளிவந்த தேதிக்கு முந்தியதா என்று பாருங்கள். 1971 அக்டோபர் முத்திரையோடு அகதி நிவாரண ஸ்டாம்பு இருந்தால் விஷயம் முடிந்தது. 1920 முத்திரையோடு 'நைன் பைஸ்' இருந்தாலும் அப்படியே. சிரிப்பாக இருக்கும், ஆனால் போலி செய்கிறவர்கள் பழைய பயன்படுத்திய ஸ்டாம்பை எடுத்து அதன் மேல் குத்துவதால் இந்தத் தவறு நிறைய நடக்கிறது.

அடுத்தது எது மேலே. அசலில் முதலில் சர்சார்ஜ், பிறகு தபாலாபீஸ் முத்திரை. ஆகவே முத்திரை மை சர்சார்ஜ் மையின் மேல் ஏறியிருக்க வேண்டும். பத்து மடங்கு லென்ஸில், விளக்கைச் சாய்த்து வைத்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். சர்சார்ஜ் மேலே உட்கார்ந்திருந்தால் பின்னால் குத்தியது. இரண்டும் கறுப்பாக இருந்தால் சில சமயம் தெரியாது, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் டீலரை நம்ப வேண்டாம்.

அப்புறம் எழுத்தின் அளவு. கேட்லாக்கில் ஒவ்வொரு சர்சார்ஜுக்கும் படம் போட்டு ஒரு எண் கொடுத்திருப்பார்கள், பட்டியலில் அந்த எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். உங்கள் ஸ்டாம்பை ஸ்கேன் செய்து (போன் படம் வேண்டாம், அது வளையும்) எழுத்து உயரம், இரண்டு வரிக்கு நடுவே உள்ள இடைவெளி, பழைய விலையை அடித்த கோட்டின் நீளம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். அசல் நிச்சயமாகத் தெரிந்த ஒரு சல்லிசான ஸ்டாம்பு அதே வகையில் வாங்கி வைத்துக்கொண்டால் ஒப்பிட இன்னும் சுலபம். இதற்கு ஐம்பது ரூபாய் செலவழிப்பது பின்னால் ஐயாயிரத்தைக் காப்பாற்றும்.

கடைசியாக அடி ஸ்டாம்பு. சர்சார்ஜ் எந்த நிறத்தில், எந்த நீர்க்குறியுள்ள காகிதத்தில், எந்த ஓரத்துளை அளவில் அடிக்கப்பட்டது என்று கேட்லாக் சொல்லும். வேறு நிறத்தில் இருந்தால் ஒன்று பெரிய அதிசயம், இல்லையென்றால் போலி. அதிசயம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பர்மாவில் ஜப்பானியர் காலத்தில் 1942 இல் மயில் அடித்த ஸ்டாம்புகள் இந்தப் பாடத்துக்கு நல்ல உதாரணம், அவ்வளவு போலி அதில் உண்டு. ரங்கூன் கட்டு கையில் இருக்கிறவர்கள் மயிலைக் கண்டதும் குதிக்க வேண்டாம்.

6. சாமான், கேட்லாக், சான்றிதழ்: என்ன செலவு, எவ்வளவு நாள்

தட்டை முனை ட்வீசர், பத்து மடங்கு லென்ஸ், துளை அளக்கும் அட்டை, ஸ்டாக் புக் ஒன்று. எல்லாம் சேர்த்து ஆரம்பத்துக்கு ஓர் ஆயிரம் ரூபாய்க்குள் அடக்கலாம், அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம், ஆர்வம் நிலைக்குமா என்று ஆறு மாதம் பாருங்கள். விரலால் தொடும் பழக்கத்தை முதல் நாளே விடுங்கள்.

கேட்லாக் விஷயத்தில் புதிய பதிப்பு தேவையில்லை. ஸ்டான்லி கிப்பன்ஸின் 1840 முதல் 1970 வரையிலான காமன்வெல்த் தொகுப்பு ஒன்றில் இந்தியா, இலங்கை, மலாயா, வளைகுடா நாலும் வந்துவிடும். புதியது விலை அதிகம், ஏழெட்டு வருஷம் பழைய பிரதி பழைய புத்தகக்காரர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் அதில் ஒரு பகுதி விலைக்குக் கிடைக்கும். விலைகள் மாறியிருக்கும், சர்சார்ஜ் படங்களும் தேதிகளும் மாறாது, நமக்கு வேண்டியது அவைதான். கேட்லாக் விலை நல்ல நிலையில் உள்ள அசலுக்கு, டீலர் விற்கும் விலை. உங்களிடம் டீலர் வாங்கும் விலை அதில் சின்னப் பங்குதான், இதைப் புரியாமல் சண்டை போட்டவர்கள் நிறைய.

அசல்தான் என்ற சான்றிதழ் எப்போது? ஒரு ஸ்டாம்பின் மதிப்பு சான்றிதழ் செலவைப்போல ஐந்து மடங்காவது இருந்தால் மட்டும். லண்டனில் ராயல் ஃபிலாடெலிக் (ஸ்டாம்பு சேகரிப்பு) சொசைட்டியின் நிபுணர் குழு போன்றவை கட்டணம் வாங்கிக்கொண்டு படத்தோடு தாளில் எழுதித் தருவார்கள், போகவர தபால், இன்சூரன்ஸ், கஸ்டம்ஸ் படிவம் எல்லாம் சேரும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏலத்தில் வாங்கும்போது 'சான்றிதழுக்கு உட்பட்டு' (போலி என்று வந்தால் பணம் திரும்பும்) என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

புதிய இந்திய ஸ்டாம்புகளுக்குத் தபால்துறையிலேயே ஃபிலாடெலிக் டெபாசிட் கணக்கு இருக்கிறது. குறைந்தது 200 ரூபாய் கட்டி, படிவம், அடையாளச் சான்று நகல், முகவரி கொடுத்தால் வெளியாகும்போது வீட்டுக்கே வரும். ராமநாதபுரம் தலைமைத் தபாலாபீஸில் கேளுங்கள், அங்கே சொல்லத் தெரியாவிட்டால் சென்னை அண்ணா சாலை ஃபிலாடெலிக் பீரோவுக்கு எழுதலாம். ஆனால் சர்சார்ஜ் ஸ்டாம்பு இதில் வராது, அது பழைய சந்தையில்தான்.

7. நாணயத்தில் சர்சார்ஜ் என்றால்

ஸ்டாம்பைப் போல மேலே விலை அடிக்கும் பழக்கம் நாணயத்திலும் உண்டு, அதற்குக் கவுன்ட்டர்மார்க் என்று பெயர். 1797 இல் இங்கிலாந்து வங்கி ஸ்பானிஷ் வெள்ளி டாலரில் மூன்றாம் ஜார்ஜின் சின்னத் தலையைக் குத்தி 4 ஷில்லிங் 9 பென்ஸுக்கு ஓட்டியது. அசல் போலி பார்ப்பது ஸ்டாம்பைவிடக் கஷ்டம், முத்திரைக் குத்து மட்டும் போலியாக இருக்கும், நாணயம் அசலாக இருக்கும். புதியவர்கள் விலகி இருங்கள்.

இன்று நாணயக்காரர்கள் சர்சார்ஜ் என்பது வேறு. அமெரிக்க டங்கசாலை (நாணயம் அடிக்கும் அரசு ஆலை) நினைவு நாணயம் விற்கும்போது விலைக்குள்ளேயே ஒரு தொகையை ஏதாவது அமைப்புக்காகச் சேர்த்து வாங்கும். 1986 இல் சுதந்திர தேவி சிலை நாணயங்களில் தங்கத்துக்கு 35 டாலர், வெள்ளி டாலருக்கு 7, அரை டாலருக்கு 2 என்று வைத்தார்கள். அமெரிக்காவிலிருக்கும் மருமகன் வாங்கி அனுப்பினார் என்றால், அவர் கொடுத்த பணத்தில் அந்தத் தொகை தானம், அது நாணயத்துக்குள் இல்லை. விற்கும்போது வெள்ளி எடையும் சந்தை விருப்பமும்தான் பேசும், 'நான் இவ்வளவு கொடுத்தேனே' என்பது கணக்கில் வராது.

நம் நாட்டு நினைவு நாணயங்களில் அந்தக் கதை இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டுக்காக வந்த 1000 ரூபாய் நாணயத்தையோ வேறு எதையோ டங்கசாலை முகமதிப்புக்கு மேல் விற்றால், அது வெள்ளி, பெட்டி, தயாரிப்புக்கான விலை, தர்மக் காசு இல்லை. இதை முன்பதிவு செய்து வாங்குவதானால் பொறுமை வேண்டும், கைக்கு வர மாதங்கள் ஆகும். பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள், பெட்டி இல்லாத நாணயத்துக்குப் பாதி விலைகூட வராமல் போகலாம்.

8. ஏலத்தில் கை தூக்குமுன் கணக்கு

ஏலத்தில் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை இல்லை. அதன் மேல் வாங்குபவர் கமிஷன், இங்கே பல இடங்களில் 10 முதல் 15 சதவீதம், வெளிநாட்டில் 20ஐத் தாண்டுவதும் சகஜம். அந்தக் கமிஷன் மேல் வரி. அப்புறம் தபால், இன்சூரன்ஸ். 2000 ரூபாய்க்கு விழுந்தது என்று வையுங்கள்: 15 சதவீதம் என்றால் 300, அதன் மேல் 18 சதவீத வரி என்றால் 54, தபாலுக்கு ஒரு 100. 2454 ஆகிவிட்டது. ஆகவே மனதில் 2000 வரை போகலாம் என்றால் 1600ல் நிறுத்துங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருவதானால் கஸ்டம்ஸ் நிறுத்தி வைக்கலாம். பில், பணம் கட்டிய ஆதாரம், அடையாளச் சான்று நகல் மூன்றையும் தயாராக வைத்திருங்கள், தேடிக்கொண்டிருந்தால் பார்சல் திரும்பிப் போகும். உள்ளூரில் அனுப்புவதைப் பொறுத்தவரை 2025 இல் பதிவுத்தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், பெறுபவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் பதிவு சேவையைத் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், கவுன்ட்டரில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். மழைக்காலத்தில் பாம்பன் பக்கம் எதையும் வரவழைக்காமல் இருப்பது நல்லது, வந்தால் உறைக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

9. விற்பதற்கு முன் சட்டம்

நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்தில் வந்துவிடும். நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது, வியாபாரமாகச் செய்யவும் உரிமம் வேண்டும். கொழும்பில் ஒரு நண்பர் நல்ல விலை தருகிறார் என்று உறையில் வைத்து அனுப்புவது குற்றம், அப்படி அனுப்புங்கள் என்று யோசனை சொல்கிறவர்கள் மாட்டிக்கொள்ள மாட்டார்கள், நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

அழகன்குளம் பக்கமெல்லாம் ரோமானிய நாணயம் கிடைத்த மண் இது. தோண்டும்போது, மழைக்குப் பிறகு கரையில் நடக்கும்போது பழைய காசு தட்டுப்பட்டால் அது 1878 புதையல் சட்டத்தின்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டிய சமாச்சாரம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றாலே போதும். தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தா வாங்கி வைத்தது என்றால் அதற்குரிய பழைய பில், கடிதம், குடும்பப் படம் எதுவானாலும் சேர்த்து வையுங்கள், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

10. லட்ச ரூபாய் டிராக்டர் நோட்டு

ஐந்து ரூபாய் டிராக்டர் நோட்டுக்கு, மாதா வைஷ்ணோ தேவி நாணயத்துக்கு லட்சம் தருகிறோம் என்று போனில் வருவது எல்லாம் ஒரே ஆள். முதலில் படம் கேட்பான், பிறகு ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம், பிறகு வரி, பிறகு 'சர்சார்ஜ்'. ரிசர்வ் வங்கி அப்படி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று 2021 ஆகஸ்ட்டில் அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். உங்களிடமிருந்து வாங்குகிறவன் உங்களிடம் பணம் கேட்கிறான் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை நிறுத்தப் பார்க்க முடியும்.

11. உப்புக்காற்றில் வைப்பது

நம் ஊர் ஈரம் வடக்கத்தி ஆல்பத்துக்குத் தெரியாது. பசை உள்ள புது ஸ்டாம்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உறைகளில் பழுப்புப் புள்ளி விழும். தரையிலும் சுவரோரமும் வைக்க வேண்டாம், பீரோவின் நடுத்தட்டில் நிறுத்தி வையுங்கள், படுக்கப் போட்டால் கீழே உள்ள பக்கங்கள் அமுங்கும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்கள், நிறம் மாறும் வகையானால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். ஐப்பசி முதல் தை வரை மாதம் ஒரு முறையாவது வெயிலடிக்கும் பகலில் ஆல்பத்தைத் திறந்து காற்றாட விடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். இஸ்திரி கடைக்காரரிடம் கொடுத்துச் சுருக்கம் எடுப்பது, டேப் ஒட்டுவது இரண்டும் கூடவே கூடாது.

நாணயத்தில் செம்புக்காசு பச்சை பிடித்திருந்தால் புளி, எலுமிச்சை, சாம்பல் எதையும் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும், வந்த டீலர் பார்த்த மாத்திரத்தில் கையைக் கழுவிக்கொண்டு போவார். பச்சை தூளாக உதிர்ந்து பரவினால் மட்டும் அந்த ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள், மற்றவற்றோடு கிடக்க வேண்டாம். மளிகைக்கடை பிளாஸ்டிக் பை, மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பம் இரண்டும் நாணயத்துக்குச் சத்துரு, அட்டைச் சட்டத்தில் போடும் உறை நல்லது, அது ஒன்று சில ரூபாய்தான்.